குடோன் கேட்டில் ஆர்எஃப்ஐடி ரீடர் (சரக்கில் ஒட்டிய டேக்கை ரேடியோ அலையால் படிக்கும் கருவி) பவர் 30 காட்டுகிறது, டேக் படிக்கும் தூரம் மட்டும் குறைந்துவிட்டது. ரீடர் போய்விட்டதா?

கேள்வியில் சொல்லியிருப்பது இது: 4 போர்ட் யுஎச்எஃப் ரீடர், 5 மீட்டரில் படித்துக்கொண்டிருந்த டேக், இப்போது ஒரு மீட்டருக்குள் கொண்டுபோனால்தான் படிக்கிறது, மென்பொருளில் பவர் பழையபடி 30 என்றே இருக்கிறது.

ரீடரை இப்போதைக்குக் கழற்றாதீர்கள். திரையில் இருக்கும் 30 நீங்கள் கேட்ட அளவு. ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று அது சொல்லாது. இந்த மாதிரிப் புகார்களில் உள்ளே இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர் போயிருந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். தூரம் பாதியானால் 6 டிபி (டெசிபல், பவர் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவு) இழப்பு. 5 மீட்டர் 1 மீட்டரானால் சுமார் 14 டிபி, அதாவது 30 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) என்ற 1 வாட்டில் 40 மில்லிவாட்தான் மிச்சம். தரையும் இரும்பு ரேக்கும் அலையைத் திருப்பியடிப்பதால் இது தோராயம்தான். ஆனாலும் ரீடர் சூட்டில் பவரைக் குறைத்துக்கொள்வது, சாதா பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும்) சுவிட்சில் முழு பவர் கிடைக்காதது எல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று டிபி விஷயம். 14 டிபி என்றால் எங்கோ தொடர்பே விட்டிருக்கிறது, அல்லது செட்டிங் தலைகீழாகியிருக்கிறது.

சமீபத்தில் மென்பொருள் மாற்றினீர்களா? மென்பொருள் ரீடரோடு பேசும் எல்எல்ஆர்பி நெறிமுறையில் பவர் என்று கொடுக்கும் எண் டிபிஎம் அல்ல, ரீடரின் பவர் அட்டவணையில் வரிசை எண். அட்டவணை 10 டிபிஎம்மில் தொடங்கி 0.25 ஆக ஏறினால் 30-வது வரி 17.25 டிபிஎம், அதாவது 53 மில்லிவாட். 30 டிபிஎம் வேண்டுமென்றால் 81 கொடுக்க வேண்டும். குறைவது 12.75 டிபி, உங்கள் 14-க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். சில ரீடர்களின் ஏபிஐ-யில் (மென்பொருள் கட்டளைகளில்) 30 டிபிஎம்மையே 3000 என்று எழுத வேண்டியிருக்கும். மேனுவலைப் பார்க்காமல் இந்த எண்ணைத் தொடாதீர்கள்.

செட்டிங் சரியென்றால் கேபிளுக்கு வாருங்கள். டிரான்ஸ்மிட்டை நிறுத்திவிட்டு, நன்றாகப் படிக்கும் போர்ட்டின் கேபிளையும் படிக்காத போர்ட்டின் கேபிளையும் மாற்றிப் போடுங்கள். கோளாறு கேபிளோடு போனால் ரீடர் மேல் தப்பில்லை. ஒரு போர்ட்டைச் சும்மா திறந்து வைத்து டிரான்ஸ்மிட் போட வேண்டாம்; பவர் திரும்பி ரீடருக்கே வரும்.

கனெக்டரைக் கண்ணால் பாருங்கள். பல ரீடர்களில் இருப்பது ரிவர்ஸ் போலாரிட்டி டிஎன்சி, அதாவது நடுவில் பின்னும் துளையும் இடம் மாறிய கனெக்டர். யாராவது அவசரத்துக்குச் சாதா டிஎன்சி கேபிள் வாங்கி மாட்டியிருந்தால், மரை பொருந்தும், ஆனால் நடுவில் இரண்டு பக்கமும் பின், அதை வாங்கும் துளையே இருக்காது. தொடர்பு சரியாகக் கிடைக்காவிட்டால் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் படிக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். வெளியே இருக்கும் ஆன்டெனா என்றால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் வகையும் முக்கியம்: 10 மீட்டர் ஆர்ஜி-58 கிட்டத்தட்ட 5 டிபி தின்றுவிடும், அதே நீளம் எல்எம்ஆர்-400-இல் 1.3 டிபிதான்.

மல்டிமீட்டரை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் பல ஆன்டெனாக்கள் டிசி-யில் ஷார்ட் என்றுதான் காட்டும். ஆன்டெனா லேபிளில் அலைவரிசையைப் படியுங்கள். இந்தியாவில் நமக்கு 865–868 மெகாஹெர்ட்ஸ். 902–928 என்று எழுதிய அமெரிக்க ஆன்டெனா இங்கே சரியாகப் பொருந்தாது.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பவர் மீட்டர். நடுவில் 30 டிபி அட்டெனுவேட்டர் (பவரைக் குறைத்து அனுப்பும் துண்டு) கட்டாயம், இல்லாவிட்டால் மீட்டர் சென்சாரையே எரித்துவிடுவீர்கள். ரீடரை ஒரே அலைவரிசையில் நிறுத்தி, தொடர் அலை டெஸ்ட் மோடில் போட்டு அளங்கள். சாதாரணமாகப் படிக்கும்போது அளந்தால் சராசரி குறைவாகவே காட்டும், நல்ல ரீடரையும் சந்தேகப்படுவீர்கள்.

அப்படி அளந்தும் போர்ட்டிலேயே 30-க்குப் பதில் 20 வந்தால், அந்த எண், அலைவரிசை, போர்ட் எண் மூன்றையும் எழுதி வாரன்டிக்கு அனுப்புங்கள். “சரியா படிக்கல” என்று மட்டும் எழுதினால், டெஸ்ட் ஓகே என்று ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.