சீகை அகற்றிய சரிவில் புல் திரும்புகிறதா? செயற்கைக்கோளைக் கேட்கலாம்

கேள்வி: மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்க நிலங்கள் மீள்வதைச் செயற்கைக்கோள் மூலம் கண்காணிக்கிறார்கள் என்று படித்தேன். நீலகிரியில் எமரால்டு அருகே எங்கள் 3 ஏக்கர் பட்டா நிலத்தில், புல்வெளியில் பரவியிருந்த சீகை (வாட்டில்) எனும் அயல்நாட்டு மரங்களை அனுமதி பெற்று அகற்றினோம். புல்வெளி திரும்புகிறதா என்று அதே முறையில் அறியலாமா?

பதில்: அறியலாம். ஆனால் சுரங்க நிலத்தின் அளவுகோலை அப்படியே நீலகிரிக்குக் கொண்டுவந்தால் விடை தலைகீழாகிவிடும்.

சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு வெறும் மண்ணாகத்தான் தொடங்குகிறது. அங்கே என்டிவிஐ எனும் பசுமைக் குறியீடு ஆண்டுதோறும் ஏறினால் நல்ல செய்தி. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த வேறுபாட்டிலிருந்து கணக்கிடுவதே இக்குறியீடு. உங்கள் சரிவிலோ மரம் வெட்டுவதற்கு முன்பே அது உயர்ந்துதான் இருந்திருக்கும். சீகை ஆண்டு முழுவதும் பசுமை மாறாத மரம். அது மறுபடி தழைத்தாலும் குறியீடு ஏறும். எனவே ஏற்றத்தைக் கண்டு மகிழாதீர்கள்; பருவத்தோடு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

அதற்கு உகந்தவை ஜனவரியும் பிப்ரவரியும். உறைபனியில் கருகிய புல் வைக்கோல் நிறத்தில் கிடக்க, அதே சரிவில் சீகை மட்டும் கரும்பச்சையாக நிற்கும். வானமும் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவமழையில் படம் முழுக்க மேகம்தான். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்துப் படத்தையே ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் மலை நிழல் இடம் மாறிக் குழப்பும். அருகில் சீகை நுழையாத புல்வெளி ஒன்றையும் சேர்த்து அளப்பது அவசியம். மழை பொய்த்த ஆண்டில் இரண்டுமே வாடும். அதை நிலத்தின் பின்னடைவாக எண்ணிவிடக் கூடாது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒரு படப்புள்ளி 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம் என்பதால் உங்கள் நிலத்துக்குச் சுமார் 120 புள்ளிகள் கிடைக்கும். 30 மீட்டர் புள்ளி கொண்ட அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் 13 புள்ளிகளே தேறும், ஓரங்களில் பக்கத்து நிலமும் கலந்துவிடும். ஆனால் 2015-க்கு முந்தைய நிலையை அறிய அதைத்தான் நாட வேண்டும்.

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் போய் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். விரல் நீள நாற்றைச் செயற்கைக்கோள் பிரித்துக் காட்டாது. படத்தில் தெரியும்போது அது புதராகியிருக்கும். ஆகவே மழைக்காலத்தில் சரிவு முழுவதையும் நடந்து பார்த்து, மண் இளகியிருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். ஜனவரிப் படத்தில் பசுமை குறையாமல் நின்ற புள்ளிகளைக் குறித்து வைத்திருந்தால், முதலில் அங்கே போங்கள்.