கடலை மிட்டாய் பல்லில் ஒட்டுகிறதா? பாகு முற்றவில்லை

தீபாவளிக்குக் கொடுக்கச் செய்த கடலை மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது, மறுநாளே பிசுபிசுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அளவில் தவறில்லை. பாகை உருட்டுப் பதத்திலேயே, அதாவது தண்ணீரில் விட்ட சொட்டு உருட்ட வரும் நிலையிலேயே, இறக்கிவிட்டீர்கள். அது பொரி உருண்டைக்குப் போதும், கடலை மிட்டாய்க்குப் போதாது. பாகில் தங்கிய தண்ணீர்தான் பிசுபிசுக்க வைக்கிறது.

கால் கிலோ வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்கு 200 கிராம் பாகு வெல்லம், கால் டம்ளர் தண்ணீர். வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி, அடி கனமான கடாயில் மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். நுரை பெரிதாகப் பொங்கி, பிறகு அடங்கிக் கெட்டியாகும். அப்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்து வளையுங்கள். வளைந்தால் ஆகவில்லை, படக்கென்று உடைய வேண்டும், தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அங்கிருந்து கருகுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதனால் நெய் தடவிய தட்டையும் குழவியையும் முன்பே எடுத்து வையுங்கள். கடலையும் வெதுவெதுப்பாக இருக்கட்டும், ஆறிய கடலை பட்டால் பாகு உடனே இறுகி, பரப்பவே விடாது.

பதம் வந்ததும் கடலையைப் பாகில் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, சூட்டோடு குழவியால் தேய்த்துக் கோடு போட்டு, முழுக்க ஆறியபின் உடையுங்கள். ஐப்பசி ஈரக்காற்றில் திறந்து வைத்தால் நல்ல மிட்டாயும் கசியும். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

ஏற்கெனவே செய்ததை வீணாக்க வேண்டாம். சிறு தீயில் உருக்கி, கிளறிக்கொண்டே அதே பதம் பார்த்து மறுபடி தேய்க்கலாம். கடலை கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான்.