ரூபே கற்களில் விரல் மரத்துப்போனால்

பிரான்சில் கல் பதித்த பாதைகளில் நடக்கும் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தின் அமெச்சூர் ஓட்டத்துக்குத் தயாராகிறேன், கல் பாதையில் ஏறினாலே விரல்கள் மரத்துப்போகின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 2005, 2008, 2009, 2012 என நான்கு முறை ரூபேயில் வென்ற பெல்ஜிய வீரர் டாம் போனனின் பழைய காட்சிகளைப் பாருங்கள். ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் கை லேசாகக் கிடக்கும், முழங்கை மடிந்திருக்கும், கால் மட்டும் கனமான கியரை விடாமல் மிதிக்கும். வேகம் குறைந்தால்தான் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக அடிக்கும்.

அப்புறம் டயர். 32 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டு, வழக்கத்தைவிடக் காற்றைக் குறையுங்கள். ரிம் கல்லில் இடித்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். வழியில் வரும் ஆரன்பெர்க் காட்டில் 2 கிலோமீட்டருக்கு மேல் கல்தான். ஓர மண்ணில் இறங்க மனம் இழுக்கும், ஆனால் பாதையின் நடுவில் மேடாக இருக்கும் முதுகை விடாதீர்கள். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் விரல்கள் மரத்தே இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.