குதிகால் மெஷினை நம்பிப் பவுடர் வாங்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. 9 வயதில் பின்மூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கீமோவும் கொடுத்தார்கள். கட்டி திரும்ப வரவில்லை. ஆனால் கை கால் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் சரிந்து நிற்கிறது. தோளுக்குச் சரியான சட்டையில் வயிற்றுப் பட்டன் போட முடியவில்லை. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஒரு முகாமில் குதிகாலை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லி 4,800 ரூபாய்க்குக் கால்சியம் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: வாங்காதீர்கள் அம்மா. குதிகால் மெஷின் எலும்புத் தேய்மானத்தை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல, அதுவும் 20 வயதுப் பையனுக்கு. இந்த முகாம்கள் பலவற்றில் மெஷினைக் கொண்டுவருபவரும் பவுடர் விற்பவரும் ஒரே ஆள்தான். மெஷின் சிவப்பைக் காட்டினால் டப்பா விற்கும், அவ்வளவுதான் கணக்கு.

நீங்கள் சொன்ன சட்டைதான் எனக்கு முக்கியமான தடயம். தலைக்கு வைத்த கரண்ட், மூளைக்கு அடியில் கடலை அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியையும் அதை இயக்கும் மூளைப் பகுதியையும் பாதித்திருக்கலாம். உடனே தெரியாது, ஐந்து, பத்து வருடம் கழித்துக்கூட வெளிவரும். முதலில் குறைவது பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோன். உயரத்தோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. பெரியவர்களிடம் அது குறைந்தால் தசை கரைந்து, வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, எலும்பும் பலவீனமாகும். ஆண் ஹார்மோன் குறைந்தாலும் ஏறக்குறைய இதே கதை. அப்படியிருக்க, காரணத்தைப் பார்க்காமல் கால்சியத்தைக் கொட்டி என்ன பயன்?

எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போங்கள். காலை 8 மணி வாக்கில் வெறும் வயிற்றில் கார்ட்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), தைராய்டு, கூடவே வைட்டமின் டி பார்ப்பார்கள். வளர்ச்சி ஹார்மோனை ஒரே ஒரு ரத்த எடுப்பில் கண்டுபிடிக்க முடியாது. மருந்து கொடுத்துத் தூண்டி, பல முறை ரத்தம் எடுக்க வேண்டும்.

தைராய்டில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். எல்லோருக்கும் டிஎஸ்எச் நார்மல் என்றால் தைராய்டு சரி என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் மகனுக்கு அது போதாது. டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை செய்யச் சொல்லி பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன். அனுப்பும் இடமே பழுதானால் தைராய்டு குறைந்தாலும் டிஎஸ்எச் ஏறாது. காகிதத்தில் நார்மல் என்றே வரும். அதனால் தைராய்டு சுரக்கும் ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவு என்று வந்தாலும், கார்ட்டிசால் முடிவு தெரியாமல் தைராய்டு மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. கார்ட்டிசாலும் குறைவாக இருந்தால் அந்த மாத்திரையே ஆளைக் கவிழ்த்துவிடும்.

எலும்புக்கு, அதன் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் வேண்டாம், இசட்-ஸ்கோரைப் பாருங்கள். அதுதான் அவன் வயதோடு ஒப்பிடுவது. முதுகுக்குக் கரண்ட் வைத்ததால் உயரம் குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். குள்ளமானவர்களுக்கு ஸ்கேன் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எலும்புக்கு ஊசி போடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால், ஹார்மோன் பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.

வைட்டமின் டி குறைவு என்று வந்தால் 60,000 யூனிட் பாக்கெட்டை டாக்டர் சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறானா என்பதையும் சொல்லுங்கள். ஃபெனிடாயின் போன்றவை வைட்டமின் டியைச் சீக்கிரம் செலவழிக்கும்.

அப்புறம், அவன் ஏன் வழுக்கினான்? பின்மூளை ஆபரேஷனுக்குப் பிறகு நடையில் தடுமாற்றம் தங்கிவிடுவதுண்டு. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வையுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் சமநிலைப் பயிற்சியும் லேசான எடைப் பயிற்சியும் கேளுங்கள். ஜிம்மில் கொடுக்கும் ஊசியைத் தொடவே கூடாது. சாப்பாட்டில் முட்டை, பயறு, கேழ்வரகு, உங்கள் ஊர் நெத்திலி தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். எலும்பு இருபதுகளின் கடைசி வரை சேர்ந்துகொண்டிருக்கும். அவனுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். ஆபரேஷனுக்கு ஒரு துறை, கரண்டுக்கு ஒரு துறை, கீமோவுக்கு ஒரு துறை. கட்டி போனதும் 'நல்லாயிருக்கான்' என்று அனுப்பிவிட்டு, பதினோரு வருடமாக ஒருவர்கூட ஹார்மோன் பாருங்கள் என்று சொல்லவில்லை! டிஸ்சார்ஜ் சம்மரியில் எவ்வளவு கரண்ட் வைத்தார்கள் என்ற அளவுகூடப் பல நேரம் இருக்காது. கதிர்வீச்சுத் துறைக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, தலைக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), முதுகுக்கு எத்தனை கிரே என்று வாங்குங்கள். பழைய கோப்பு என்று தட்டிக்கழித்தால் விடாதீர்கள். அந்தக் காகிதத்தோடு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.