4294967297 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

எனக்கு ரொம்பப் பிடித்த எண் இது.

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு, வரும் விடையோடு 1 கூட்டிப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுத்து 32 போட்டால் வருவதுதான் நீங்கள் கேட்ட எண். வரிசையில் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று 1640-இல் கணிதமேதை பெர்மா நம்பினார். நிரூபணம் கிடைக்கவில்லை. 1732-இல் இன்னொரு கணிதமேதை ஆய்லர் 4294967297-ஐ இரண்டாக உடைத்துவிட்டார்: 641 × 6700417.

சரி, 641 எப்படிச் சிக்கியது? சும்மா வகுத்துப் பார்ப்பதென்றால் எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரைக்கும் போக வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். இதை ஆய்லரே பிற்பாடு நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது!

இதைவிட அழகு, பெரிய வகுத்தலே செய்யாமல் 641-ஐச் சரிபார்க்க முடிவதுதான். 641 = 5 × 2⁷ + 1. ஆக, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். இப்போது −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி 0. முடிந்தது. பேனாவும் காகிதமும் எடுத்து ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள், அவ்வளவு சுகமாக இருக்கும்.

அப்புறம் ஒன்று. முதல் ஐந்தையும் பெருக்குங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. 32 பிட்டில் (0, 1 என்ற 32 இலக்கங்களில்) அடங்கும் மிகப் பெரிய எண் என்று கணினிக்காரர்களுக்கு இது பழக்கமான எண். நம் எண்ணுக்குச் சரியாக 2 குறைவு. அதனால் அந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் 2 மிஞ்சும் (3-க்கும் அப்படியே). மேலே சொன்ன பட்டியலில் 257-ஐச் சோதிக்கவே தேவையில்லை.

வரிசையின் அடுத்த எண் 2⁶⁴ + 1. அதை 1880-இல் லாண்ட்ரி உடைத்தார், சிறிய காரணி 274177. 65537-க்கு அப்பால் இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. இனி கிடையவே கிடையாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.