ஸ்பானிஷ்ல 'இர்ஸே' வெர்ப்: கேளுங்க, பதில் சொல்றேன்

ஐ, ஆர், எஸ், இ. நாலே எழுத்து தான், ஆனா ஸ்பானிஷ் படிக்கிறவங்கள இந்த அளவுக்கு குழப்புற ரிஃப்ளெக்ஸிவ் வெர்ப் (செய்றவரையே குறிக்கிற 'ஸே' மாதிரி சொல் ஒட்டி வர்ற வெர்ப்) வேற இல்லன்னு நினைக்கிறேன். வந்த கேள்விகளுக்கு வரிசையா பதில் போட்டிருக்கேன். வி எழுத்துக்கு 'வ' போட்டிருக்கேன், ஆனா ஸ்பானிஷ்காரங்க வாயில வியும் பியும் ஒரே சத்தம் தான், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

அக்கா, இர், இர்ஸே ரெண்டும் போறது தானே? எதுக்கு ரெண்டு?

இர்னா எங்க போறோம்ங்கிறது முக்கியம், 'வோய் ஆ மத்ரித்', மாட்ரிட் போறேன். இர்ஸேனா இருக்குற இடத்த விட்டு கிளம்புறது தான் விஷயம், எங்கன்னு சொல்லவே வேண்டாம், 'மே வோய்'னா நான் கிளம்புறேன், அதோட வாக்கியம் முடிஞ்சுது. அந்த 'மே'வ விட்டுட்டு வெறும் 'வோய்'னு குரல் குடுத்தீங்கன்னா, கூப்பிட்டவங்களுக்கு 'இதோ வரேன்'னு அர்த்தமாயிடும், அதனால அத விட்டுடாதீங்க. கரண்ட் போனாலும் இதே வெர்ப் தான்: 'ஸே ஃபுவே லா லுஸ்'.

'கியேரோ இர்ஸே'னு எழுதுனேன், டீச்சர் தப்புன்னுட்டாங்க. டிக்‌ஷனரில அப்படித்தானே இருக்கு?

டிக்‌ஷனரில இருக்குற 'ஸே' பொதுவா போட்டது தம்பி, ஆள் மாறுனா அதுவும் மாறணும். எனக்கு கிளம்பணும்னா 'கியேரோ இர்மே', உனக்குன்னா 'கியேரெஸ் இர்தே', நமக்குன்னா 'கெரேமோஸ் இர்னோஸ்'. 'மே கியேரோ இர்'னு முன்னாடி வச்சாலும் சரி தான். முன்னாடி வந்தா தனியா எழுதணும், பின்னாடி வந்தா ஒட்டி எழுதணும்.

'போயிட்டு'ங்கிற மாதிரி வர்ற 'யெந்தோ'வுக்கு ஒய்யா, டபுள் எல்லா? நெட்ல ரெண்டும் பாக்குறேன்.

ஒய் மட்டும் தான். டபுள் எல் போட்டு எழுதுறது ஸ்பானிஷ் தாய்மொழிக்காரங்களே நிறைய பேர் பண்ற தப்பு, ஏன்னா ஸ்பெயின்ல பெரும்பாலான இடத்துலயும் லத்தீன் அமெரிக்காவுல பெரும்பாலான இடத்துலயும் அந்த ரெண்டுக்கும் இப்போ சத்தத்துல வித்தியாசம் கிடையாது, காத நம்பி எழுதுனா மாட்டிக்குவாங்க. ஆனா காரணம் தெரிஞ்சா மறக்காது. 'கோமியெந்தோ' (சாப்பிட்டுக்கிட்டு), 'விவியெந்தோ' (வாழ்ந்துக்கிட்டு) எல்லாத்துலயும் கடைசில வர்றது ஐ-இ-என்-டி-ஓ. இர்ல ஐ-ஆர எடுத்துட்டா முன்னாடி மிச்சம் எதுவுமே இல்ல, அந்த வால் மட்டும் தனியா நிக்குது, ஸ்பானிஷ்ல வார்த்தைய ஐ-இ-னு ஆரம்பிச்சு எழுதுற வழக்கம் இல்லாததால அந்த ஐ ஒய்யா மாறிடுது. டபுள் எல் போட்டவங்க சில பேர் அது 'யெனார்', அதாவது நிரப்புறதுங்கிற வெர்ப்லேர்ந்து வருதுன்னு நினைக்கிறாங்க, அதுக்கு 'யெனாந்தோ'ன்னு தான் வரும். இன்னொன்னு, 'ஸே' ஒட்டி 'யெந்தோஸே' ஆகும்போது முதல் இ மேல அழுத்தத்த காட்டுற சாய்ஞ்ச கோடு போடணும், மறந்துடாதீங்க.

'வாயா'வுக்கு எத்தன ஸ்பெல்லிங் மேடம்?

வி, ஒய் போட்டா நம்ம வெர்ப், 'கே ஸே வாயா'னா அவர் கிளம்பட்டும். வி, டபுள் எல்னா வேலி. பி, ஒய்னா பெர்ரி மாதிரி சின்ன பழம். மூணும் ஒரே சத்தம்.

'ஸே ஆ இதோ'ல ஹெச் உண்டா?

கண்டிப்பா உண்டு. 'போயிட்டாரு'ன்னு அர்த்தம், அதுல வர்ற 'ஆ' 'ஆபெர்'ங்கிற துணை வெர்ப்லேர்ந்து வருது, அதுக்கு ஹெச் இருக்கு, சத்தம் தான் இல்ல. மெசேஜ்ல நிறைய பேர் ஹெச்ச முழுங்கிடுறாங்க, நீங்க முழுங்காதீங்க.

பழைய புக்ல 'ஃபுவே' மேல கோடு இருக்கே?

1959க்கு முன்னாடி அச்சான புக்கா இருக்கும். அந்த வருஷத்துலேர்ந்து மொழி விதிகள வகுக்குற ஸ்பானிஷ் அகாதெமி சொன்னபடி ஃபுய் (போனேன்), ஃபுவே (போனாரு) ரெண்டுக்கும் கோடு கிடையாது.

'வாமோஸ்' (போகலாம்) கூட 'னோஸ்' சேர்த்தா 'வாமோஸ்னோஸ்' தானே வரணும்?

நடுவுல உள்ள எஸ் விழுந்துடும், 'வாமோனோஸ்', முதல் ஏ மேல கோடு. கூட்டமா எல்லாரையும் கிளம்ப சொல்றப்போ 'வாயான்ஸே', சில பேர் பேச்சுல கடைசில இன்னொரு என் சேர்த்து 'வாயான்ஸென்'ம்பாங்க, எழுத்துல அது தப்பு.

ஸ்பெயின்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் பாத்து 'கிளம்புங்க'ன்னா 'இதோஸ்'ஸா 'இரோஸ்'ஸா?

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. மத்த வெர்ப்ல 'நீங்க எல்லாரும்'க்கான 'ஓஸ்' ஒட்டுனா டி விழுந்துடும், 'சென்தாத்' கூட சேர்ந்து 'சென்தாஓஸ்', உக்காருங்க. இர்ஸேல மட்டும் டி விழாம 'இதோஸ்'னு நிக்கும், அதான் இலக்கணம். ஆனா தெருவுல பேசுறப்போ யாரும் அப்படி சொல்றதா காதுல விழாது, எல்லாரும் 'இரோஸ்' தான். கடைசில 2017 ஜூலைல அகாதெமியே 'இரோஸ்'ஸையும் ஏத்துக்கிச்சு, அகாதெமி உறுப்பினரான எழுத்தாளர் அர்துரோ பேரெஸ்-ரெவெர்தே ட்விட்டர்ல சொல்லி அது பெரிய பேச்சாச்சு. சில பேருக்கு கோவம் கூட. என்னைக் கேட்டா அகாதெமி செஞ்சது சரி, பேசுற ஜனங்க வாயில இல்லாத ஒரு சொல்ல மட்டும் சரின்னு எத்தன நாள் சொல்லிட்டு இருக்க முடியும்? ஆனா அந்த சலுகை இந்த ஒரு வெர்ப்புக்கு மட்டும் தான், அத வச்சுக்கிட்டு 'சென்தாரோஸ்'னு உத்தரவு போட்டு எழுதாதீங்க. பரீட்சைல 'இதோஸ்' எழுதுறது நல்லது.

அர்ஜென்டினா ஃப்ரெண்ட் 'அந்தாதே'ங்கிறான், அது என்ன?

அதுவும் 'கிளம்பு' தான். அங்க 'நீ'க்கு 'தூ' இல்ல, 'வோஸ்'. அந்த வோஸ்ஸுக்கு இர்லேர்ந்து கட்டளை வடிவம் புழக்கத்துல இல்ல, அதனால 'அந்தார்'ங்கிற வேற வெர்ப்லேர்ந்து கடன் வாங்கி 'அந்தா', 'அந்தாதே'ன்னு சொல்றாங்க. எழுதுறப்போ 'அந்தா'வுக்கு கடைசி ஏ மேல கோடு உண்டு, 'அந்தாதே'வுக்கு கோடே கிடையாது.