உரம் அதிகமாகிக் கருகும் தொட்டி நாற்றுகளைக் காப்பாற்றுவது எப்படி?

ஒரு மாத வயதுள்ள மிளகாய், தக்காளி நாற்றுகளை ஆறு அங்குலத் தொட்டிக்கு மாற்றி, தலைக்கு ஒரு டீஸ்பூன் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) குருணை உரமும் கொஞ்சம் யூரியாவும் போட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நாளே இலை ஓரம் பழுப்பாகிறது, மண் ஈரமாக இருந்தும் செடி துவள்கிறது என்கிறீர்கள். இது உரம் கூடிப்போன கருகல்தான். தொட்டியில் இருக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெளியேற்றுங்கள், அதையும் இன்றே செய்யுங்கள். வேர் ஊக்கி, எப்சம் உப்பு, பஞ்சகவ்யம் எதுவும் இப்போது வேண்டாம். அடிபட்ட செடிக்குச் சத்து கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தால்தான் பல நாற்றுகள் சாகின்றன.

ரசாயன உரம் என்பது கரையும் உப்பு. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் அது தண்ணீர் விடுவதுபோல, மண்ணில் உப்பு ஏறினால் வேரிலிருந்து நீர் வெளியே போகும். அதனால்தான் ஈர மண்ணிலும் செடி வாடுகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் டிஏபி சுமார் 5 கிராம். அதில் 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 900 மில்லிகிராம். ஆறு அங்குலத் தொட்டி நன்றாக நனைந்திருந்தாலும் அதில் நிற்கும் தண்ணீர் ஒரு லிட்டர்தான் இருக்கும். நாற்றுக்கு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் போதும் என்னும்போது, டிஏபி மட்டுமே பத்து மடங்கு. போதாததற்கு, டிஏபி குருணை கரையும் இடத்தில் காரத்தன்மை ஏறி அம்மோனியா வெளிப்படும். அது இளம் வேர் நுனியை நேரடியாகச் சுடும்.

கழுவத் தொடங்கும் முன் வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உரக் கருகல் உரம் போட்ட சில நாட்களுக்குள், போட்ட எல்லாத் தொட்டியிலும் சேர்ந்தே வரும். மண்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பூச்சு தெரியலாம். இலை கரும்பச்சையாகித் தடித்துக் கீழ்நோக்கி வளைந்தால் தழைச்சத்து மிகுதி. ஆனால் மிளகாயில் கொழுந்து மட்டும் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு சிறுத்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேனாக இருக்கலாம். கொழுந்தின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மண்ணில் அழுகல் வாடை அடித்து வேர் கொழகொழவென்று இருந்தால் அது நீர் தேங்கிய வேரழுகல். அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் செடி போய்விடும்.

முதலில் மேலே கிடக்கும் குருணைகளைப் பொறுக்கி, மேல்மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கழுவினால், மிச்சக் குருணை கரைந்து மறுபடி வேருக்கே இறங்கும். பிறகு தொட்டியை இரண்டு செங்கல் மேல் வைத்து, அடித்துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் வேண்டும். உங்கள் தொட்டிக்கு 4 முதல் 6 லிட்டர். ஒரேயடியாகக் கொட்டினால் அது ஓரமாக ஓடிப்போய்விடும், உப்பு நடுவிலேயே நிற்கும். ஒரு லிட்டரைப் பூவாளியால் மெதுவாக ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, மீதியைத் தவணையாக ஊற்றுங்கள். வடிந்த நீரைத் தட்டில் தேங்க விடாதீர்கள், செடி அதையே திரும்ப உறிஞ்சும்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 1000க்கு மேல் காட்டும் போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதாகும். மழைநீரோ கேன் தண்ணீரோ நல்லது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் கூடவே கூடாது. டிடிஎஸ் மீட்டர் இருந்தால் வடியும் நீரை அளந்து பாருங்கள். நீங்கள் ஊற்றும் நீரின் அளவைவிட 300, 400க்குள் மட்டுமே கூடுதலாகக் காட்டும் நிலை வந்ததும் நிறுத்தலாம். யூரியா விஷயத்தில் மட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். அது அம்மோனியமாக மாறும்வரை மீட்டரில் தெரியாது. மாறுவதற்கு முன் யூரியா மண்ணில் ஒட்டாமல் நீரோடு எளிதாக இறங்கிவிடும், அம்மோனியமான பின் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முதல் நாளே கழுவச் சொல்வது இதனால்தான். உங்களுக்கு மூன்று நாள் ஆகிவிட்டதால், இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு முறை கழுவுங்கள்.

களிமண் கலவையில் தண்ணீர் இறங்காது. கடலைப் பிண்ணாக்கு, மக்காத சாணம், கோழி எரு போட்டிருந்தாலும் கழுவிப் பயனில்லை, அவை மக்க மக்க அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அப்போது செடியை எடுத்து, வேரைச் சுற்றிய கலவையில் பாதியைத் தண்ணீரில் அலசி, உரமே இல்லாத புதுக் கலவையில் நட வேண்டும். கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) சேர்ப்பதானால் அதை ஊறவைத்துப் பிழிவதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். அலசாத கட்டியில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். உரமே போடாத நாற்றும் அதில் இப்படித்தான் கருகும். எடுக்கும்போது வேரையும் பாருங்கள். வெள்ளை வேர் கொஞ்சமாவது இருந்தால் பிழைக்கும். எல்லாமே பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் அந்த நாற்றுக்காக மெனக்கெடாதீர்கள், புது விதை போடுவதே விரைவு.

கழுவிய பின் ஒரு வாரம் பசுமை வலைக்கடியில் வையுங்கள், காலை வெயில் இரண்டு மணி நேரம் போதும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் காயவிட்டால், மிச்ச உப்பு குறைந்த நீரில் செறிந்து மறுபடி சுடும். பாதிக்கு மேல் கருகிய இலையை மட்டும் கிள்ளுங்கள். கருகிய ஓரம் பச்சையாகத் திரும்பாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பத்துப் பதினைந்து நாளில் வரும் புதுக் கொழுந்து சுத்தமாக இருக்கிறதா என்பதே கணக்கு.

அப்படி நான்கைந்து நல்ல இலை வந்த பிறகே உரம். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரம் ஒரு டீஸ்பூனைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 95 மில்லிகிராம் தழைச்சத்து வரும். முதல் இரண்டு முறை அதிலும் பாதி, வாரம் ஒரு தடவை, ஈரமாக உள்ள மண்ணில் மட்டும். டிஏபி குருணையை இந்த அளவுத் தொட்டிக்கு இனி எடுக்கவே வேண்டாம்.